உதட்டுக்குப் பொருந்தும் சொல்

அவள் வாயைத் திறக்க இன்னும் நான்கு நொடி இருக்கிறது. திரையின் மூலையில் எண்கள் ஓடுகின்றன, நான் அவற்றைப் பார்ப்பதில்லை, அவள் தோளைத்தான் பார்க்கிறேன், வலது தோள் லேசாக ஏறும், பிறகு மூச்சு, பிறகு வாய். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர்களின் தோளைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். சாலிகிராமத்தில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடியில், சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டிய இந்தச் சின்ன அறையில், மத்தியானம் இரண்டரை மணிக்கு, கொரியாவில் ஏதோ ஒரு தீவில் கடலைப் பார்த்து நிற்கும் ஒருத்திக்கு நான் வாய். அவளுக்கு அறுபது வயது இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாக உடுத்தியிருக்கிறாள். ஒரு கையில் கொத்து மணி, இன்னொரு கையில் விசிறி. அவளுக்கு முன்னால் ஈர மணலில் ஒரு தாய் மண்டியிட்டிருக்கிறாள். அந்தத் தாயின் மகன் கடலில் போனவன், உடல் கிடைக்கவில்லை. இதோ தோள் ஏறுகிறது. என் காதில் கொரியக் குரல் முதலில் வருகிறது, "ஓம்மா" என்கிறது, நான் அதன் மேலேயே என் குரலை வைக்கிறேன், "அம்மா. எனக்குக் குளிருதும்மா. பசிக்குது." முடிந்தது. திரை கறுக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளங்கீரன் தலையைச் சொறிகிறார், பக்கத்தில் ஒலிப்பதிவு செய்கிற நௌஷாத் ஏதோ பொத்தானைத் தொடுகிறான். எனக்குத் தெரியும் என்ன சொல்வார் என்று. "நல்லா இருக்கு மேடம், உதடும் கரெக்டா உக்காந்திருக்கு. ஆனா பையன் வரல. நீங்கதான் வர்றீங்க."

பையன் வரவில்லை. இவர் சொல்வது சரிதான், நான்தான் வரவிடவில்லை. இளங்கீரன்தான் இந்தப் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதி டப்பிங்கை நடத்துகிறவர், நல்ல மனுஷர், காலையில் என்னை உட்காரவைத்துக் காட்சியை முழுக்க விளக்கினார். இது பேய்ப் படம்தான் மேடம், ஆனா இந்த இடம் பேய் இல்ல, அவங்க ஊர்ல நெஜமாவே செய்யறது, கடல்ல செத்தவனோட உயிரு தண்ணியிலயே கெடந்து தவிக்குமாம், இந்தப் பொம்பள ஒரு கிண்ணத்துல அரிசியப் போட்டு மூடித் துணியில கட்டி, நீளமான வெள்ளைத் துணியில முடிஞ்சு கடலுக்குள்ள விடுவாங்களாம், இழுத்துப் பாக்கறப்ப அரிசியில ஒரு முடி இருந்தா அவன் வந்துட்டான்னு அர்த்தமாம். பார்த்தேன், முடி இருந்தது. ஈர அரிசியில் ஒற்றை முடி. தாய் அதை விரலால் தொடப் போய்த் தொடாமல் நிறுத்துகிறாள். அதற்குப் பிறகுதான் சிவப்பும் மஞ்சளும் உடுத்தியவளின் உடம்புக்குள் மகன் வந்து அவள் வாயால் பேசுகிறான். அவளுக்கு அவர்கள் மொழியில் முதாங் என்று பேர். இளங்கீரன் முதலில் மந்திரவாதி என்று எழுதியிருந்தார், நான் அது பேயை ஓட்டுகிறவர்களுக்குச் சொல்வது, இவள் ஓட்டவில்லையே, கூப்பிடுகிறாளே என்றேன். அடித்துவிட்டு சாமியாடி என்று எழுதினார். சாமி எங்கே வந்தது, செத்த பிள்ளைதானே வருகிறது என்றேன். பேனாவை வைத்துவிட்டு, "அப்ப முதாங்னே இருக்கட்டும். நம்ம ஜனம் கத்துக்கும். பேயக் காட்டறேன்னு சொல்லித்தான் அவங்க வீட்டுக்குள்ளயே கூட்டிட்டுப் போறாங்க" என்றார். அப்போது நான் சிரித்தேன். அம்மாவும் இதையேதான் சொல்லுவாள்.

அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது, வளசரவாக்கத்தில் என் வீட்டில் இருக்கிறாள், நாள் முழுக்க ஃபோனில் தமிழ் பேசும் கொரியப் படங்கள் பார்ப்பாள். பேய்ப் படம் என்றால் விடமாட்டாள். பயந்தெல்லாம் பார்ப்பதில்லை, பேய் வரும் இடத்தில் கண்ணாடியைத் துடைப்பாள். "பேயவா பாக்கேன், அடுப்பங்கரையப் பாக்கேன். பேய்ப்படம்னு சொல்லிக்கிட்டு அடுப்பங்கரையில்லா காட்டுதான். பாரு, நம்மள மாரி தரையில உக்காந்துதான் திங்கான். கருவாடு கட்டித் தொங்கவிட்டிருக்கான். செத்தவுகளுக்குச் சோறு வைக்கான் பாத்தியா, பேரு எழுதி வச்சு கும்புடுதான்." கடல் தாண்டி எத்தனையோ நாட்டுக்கு அப்பால் ஒரு ஊரில் கருவாடு எப்படித் தொங்குகிறது என்று பெரியதாழைக் கடற்கரைக்காரி ஒருத்திக்கு இப்போது தெரியும், அங்கே வாசலில் உப்பு எதற்கு எறிகிறார்கள் என்று தெரியும், சிவப்புப் பயறுக்குப் பேய் பயப்படும் என்று தெரியும். போன மாதம் எதையோ கீழே போட்டுவிட்டு "ஐகூ" என்றாள், ஐயோ இல்லை, ஐகூ. நான் திரும்பிப் பார்த்ததும் வெட்கப்பட்டாள். அந்தக் குரல்களில் பாதி என்னுடையது என்று அவளுக்குத் தெரியும். அண்ணி பேசினா நீ, மாமியா பேசினாலும் நீ, ஒரு படத்துல நீயே உன்கிட்ட சண்ட போடுதியேட்டி என்பாள். எந்தக் குரலுக்குள் நான் ஒளிந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால்தான் என்னால் முடியவில்லை இளங்கீரன். இந்தப் படம் வந்த மறுநாளே அவள் பார்ப்பாள். அந்தப் பையனை நான் வரவிட்டால், அவள் கேட்பாள்.

"இன்னொண்ணு போலாமா மேடம்?" என்கிறார் காதுக்குள். போகலாம் என்கிறேன். மறுபடியும் நான்கு நொடி. கீழே பல் டாக்டரின் மெஷின் ஓடுகிற அதிர்வு செருப்பில்லாத என் உள்ளங்காலில் ஏறுகிறது, அது எப்போதும் ஏறும், மைக்கில் கேட்காது, காலுக்கு மட்டும் கேட்கும். மணலில் நின்றால் அலை இப்படித்தான் காலுக்கு முதலில் கேட்கும். தோள். மூச்சு. ஓம்மா. அந்த நடிகை எப்படிச் செய்கிறாள் என்று தெரியவில்லை, ஆண் குரல் இல்லை, பெண் குரலும் இல்லை, உடையத் தொடங்கி முழுதாக உடையாத பதினேழு வயதுத் தொண்டை, 'ம்மா'வில் ஏறிப் பாதியில் வழுக்கிவிடுகிற ஒரு தொண்டை. அந்த ஒரு சொல்லுக்கு இளங்கீரன் மொழிபெயர்க்க எதுவுமே இல்லை, அவர்கள் ஓம்மா என்கிறார்கள், நாம் அம்மா என்கிறோம், உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடி ஒரே மாதிரி திறக்கிறது. இந்தப் படம் முப்பது மொழியில் ஒரே நாளில் வருகிறதாம். இந்த நேரத்தில் எந்தெந்த ஊரிலோ கறுப்புப் பஞ்சு ஒட்டிய அறைகளில் என்னைப் போல எத்தனை பேர் இந்த வாய்க்குள் தங்கள் குரலை வைத்துக்கொண்டிருப்பார்கள், அவர்கள் ஒவ்வொருவர் தொண்டையிலும் யார் யார் இருப்பார்கள். செத்தவனுக்கு வழி வேண்டும், அவ்வளவுதானே, யாருடைய வாய் என்று பார்ப்பானா. இந்த நினைப்பு வந்ததும் மூச்சு தப்பிவிட்டது. அவள் வாய் மூடிவிட்டது, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. "ஸாரி" என்றேன். "பரவால்ல மேடம், தண்ணி குடிங்க" என்றார். குடித்தேன்.

கஸ்பார் என் அண்ணன். மூன்று வயது மூத்தவன். பேரை மனசுக்குள் சொல்லிக்கொண்டால்கூட பின்கழுத்தில் ஒரு குளிர் வரும், அதனால் சொல்லுவதில்லை. எங்கள் அப்பா நான் கைப்பிள்ளையாக இருக்கும்போதே மஞ்சள்காமாலையில் போய்விட்டார், கஸ்பார்தான் பதினைந்து வயதிலிருந்தே பெரியப்பா வள்ளத்தில் போய்வந்தான். எண்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி, மூன்று பேர் போன வள்ளம் கவிழ்ந்து இரண்டு பேர் வந்தார்கள். பெரியப்பா கரையில் உட்கார்ந்து மணலை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அம்மா அழவில்லை. வீட்டுக்குள் வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை, மறுநாளும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாய் வழியே வழிந்து சேலையில் விழும். மூன்றாம் நாள் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, வெளியே போய்த் தாழ்ந்த குரலில், இவளும் போயிருவா போலிருக்கே என்று பேசிக்கொண்டார்கள், நான் சன்னலுக்குக் கீழே நின்று கேட்டேன். எனக்குப் பதினான்கு வயது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை குரல். பூசைக்கு உதவுகிற கோவில்பிள்ளை ஜெபம் சொல்வது மாதிரி சொல்லுவேன், கரையில் மீன் ஏலம் போடுகிறவர் மாதிரி போடுவேன், கஸ்பார் மாதிரி பேசி அம்மாவை ஏமாற்றி அவனுக்கு அடி வாங்கிக்கொடுத்திருக்கிறேன், அவன் என்னைத் துரத்துவான். அன்றைக்குச் சாயங்காலம் கோவிலில் திருந்தாதி மணி, அந்திச் ஜெபத்துக்கான மணி, அடித்தது. நான் வீட்டைச் சுற்றிப் பின்வாசல் பக்கம் போனேன், கதவுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றேன், கண்ணை மூடிக்கொண்டேன், அவன் கடலிலிருந்து வந்தால் எப்படிக் கூப்பிடுவானோ அப்படிக் கூப்பிட்டேன். எம்மா. பசிக்கி. சோறு வையி.

உள்ளே சத்தமே இல்லை. பிறகு பாத்திரம் உருளும் சத்தம். கதவிடுக்கில் பார்த்தேன், அம்மா எழுந்து நின்றிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், முகம் தெரியவில்லை. உலை வைத்தாள். இரண்டு தட்டு வைத்தாள், அவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, எனக்குத் தனியாக எடுத்து மூடிவைத்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே தன் தட்டில் இருந்ததைத் தின்றாள். நான் ஓடிப்போய்க் கோவிலடியில் உட்கார்ந்து வாயில் கையை வைத்து அழுத்தினேன், சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை, செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. மறுநாளும் மணி அடித்தபோது போனேன், அதற்கு மறுநாளும். நான்கு நாள். நான்காம் நாள் கூப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது என் தொண்டை என் தொண்டையாக இல்லை. பக்கத்து வீட்டு மாமி என்னளா பேசமாட்டேங்க என்று கேட்டாள், பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அவன் குரல் வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி காய்ச்சல். விடிந்ததும் தூத்துக்குடியிலிருந்து சித்தி வந்து என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போய்விட்டாள். பஸ் நகரும்போது ஒரே நினைப்புதான், இன்றைக்கு மணி அடிக்கும், யாரும் கூப்பிடமாட்டார்கள், அம்மா திரும்பவும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள், செத்துப்போவாள், நான்தான் கொன்றவள். தூத்துக்குடியில் ஒவ்வொரு சாயங்காலமும் எங்கேயோ ஒரு கோவிலில் மணி அடிக்கும், நான் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்ளுவேன்.

நாற்பதாம் நாள் பூசைக்குத்தான் என்னை ஊருக்குக் கூட்டிப்போனார்கள். பெட்டிக்குள் அவன் சட்டையும் வேட்டியும் வைத்து அடக்கம் பண்ணியிருந்தார்கள். அம்மா செத்துப்போகவில்லை. நன்றாக இருந்தாள். கன்னம் தெளிந்திருந்தது, தலை வாரியிருந்தாள். சாயங்காலம் அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். எனக்கு அப்போது புரிந்தது, நான் கூப்பிட்டதே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது, அவன் எங்கேயோ இருக்கிறான், வருவான் என்று நம்பிவிட்டாள். அன்றிலிருந்து முப்பத்தாறு வருஷம். நான் பள்ளிக்கூடம் முடித்து, சென்னைக்கு வந்து, இந்தத் தொழிலுக்கு வந்து, கல்யாணம் கட்டி, அவரும் இல்லாமல் போய், எட்டு வருஷத்துக்கு முன் அம்மாவை என்னோடு கூட்டிவந்தபோதும் அந்தத் தட்டு கூடவே வந்தது. இன்றைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைப்பாள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் மெழுகுதிரி ஏற்றுவார்கள், அவள் கஸ்பாருக்கு ஏற்றினதே இல்லை. ஒரு பொய்யை அவள் வயிற்றில் போட்டு மூடினேன். அதைத் தின்று ஒரு மனுஷி முப்பத்தாறு வருஷம் காத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று எத்தனை தடவை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் அவன் அன்றைக்குத்தான் சாவான், நான்தான் சாகடித்தவளாவேன்.

"கடைசியா ஒண்ணு மேடம்" என்கிறார் இளங்கீரன். "பேப்பர மறந்துடுங்க. அந்த அம்மாவ மட்டும் பாருங்க." அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பார்த்தேன். மண்டியிட்ட தாயை இதுவரை நான் பார்க்கவே இல்லை, என் கண் முதாங்கின் தோளிலேயே இருந்தது. அவள் எங்கள் அம்மா மாதிரியெல்லாம் இல்லை, தட்டையான முகம், குட்டையான முடி. ஆனால் அவள் அழவில்லை. வாயை லேசாகத் திறந்துகொண்டு, வருகிற சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு, வந்தாலும் பயம் வராவிட்டாலும் பயம் என்கிற மாதிரி. கதவிடுக்கில் எனக்குத் தெரியாமல்போன முகம் இதுவாகத்தான் இருக்கும். தோள் ஏறினதை நான் பார்க்கவில்லை. காதில் ஓம்மா கேட்டதா என்பதும் தெரியவில்லை. என் வாய் திறந்தது. அடிவயிற்றில் ஏதோ குளிர்ந்து, நெஞ்சில் ஏறி, தொண்டையில் ஒரு இடத்தில் தடுக்கி, வழுக்கி, வெளியே போயிற்று. எம்மா. பசிக்கி. சோறு வையி. அவ்வளவுதான். பஞ்சுச் சுவர் அதைத் தின்றுவிட்டது. அறையில் ஈரத் துணி வாடை அடித்த மாதிரி இருந்தது, ஏசியாக இருக்கும். திரை கறுத்தது. நௌஷாத் தன் முன்கையைத் தேய்த்துக்கொண்டான். இளங்கீரன் குரல் மெதுவாக வந்தது. "மேடம், வசனத்த மாத்திட்டீங்க. ஆனா உதடு உக்காந்துடுச்சு. எப்படி உக்காந்துச்சுன்னு தெரியல."

"அதை அழிச்சிடுங்க" என்றேன். "நான் வேற குடுக்கறேன்." அவர் சிரிக்கிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "மேடம், இதத்தான் காலையிலேர்ந்து கேட்டேன்." மறுபடியும் அழிச்சிடுங்க என்றேன், குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, அவர் கையை உயர்த்தி, "சரி, சரி, டீ குடிச்சிட்டு வாங்க. வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா அழிச்சிடறேன்" என்றார். வெளியே வந்தேன். மாடி வராந்தாவில் வெயில், அந்த இருட்டிலிருந்து வந்ததும் கண் கூசியது. நாலு மணி. சுவரோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அழித்துவிட்டால் போயிற்று. யாரும் கேட்கமாட்டார்கள். அழிக்காவிட்டால் என்றைக்கோ ஒரு நாள் மத்தியானம் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, அவள் கேட்பாள், தன் பிள்ளையின் குரலை, ஒரு கொரியாக்காரி வாயிலிருந்து. பிறகு அது என் குரல் என்று தெரியும். பிறகு அந்த நான்கு நாளும் யார் குரல் என்று தெரியும். நான் பக்கத்தில் இல்லாதபோது, தனியாக. அதை நினைத்ததும் ஃபோனை எடுத்துவிட்டேன். அழித்தாலும் அழிக்காவிட்டாலும் இன்றைக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. தொண்டை திறந்திருந்தது, அவ்வளவுதான். மணி போயிற்று. எடுத்தாள். பின்னால் ஏதோ படம் தமிழில் பேசிக்கொண்டிருந்தது.

"என்னட்டி, வேல முடிஞ்சா?"

"இல்லம்மா. அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறையேன்."

குறைத்தாள். "சொல்லு. குரலு ஏன் ஒரு மாரியா இருக்கி?"

"எம்மா, அண்ணன் போன பொறவு நீ சாப்பிடாம கெடந்தீல்லா. சாயங்காலம் பின்வாசல்ல ஒரு சத்தம் கேட்டுச்சுல்லா, பசிக்கின்னு." நான் நிறுத்தினேன். "அது அண்ணன் இல்லம்மா. நான். நான்தான் அவன மாரி கூப்பிட்டேன். நீ செத்துருவியோன்னு பயந்து."

மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, எங்கள் ஹால் மின்விசிறி, ஒரு பக்கம் தட்டும். அம்மா மூச்சு விட்டாள்.

"அது எனக்குத் தெரியாதா? நாலு நாளு நீ கூப்பிட்ட. மொத நாளே தெரியும். எம்புள்ள கொரலு எது, நீ அவன மாரிப் பேசுத கொரலு எதுன்னு எனக்குத் தெரியாதாக்கும். இந்தச் சின்னப் பிள்ள வெளியில நின்னு இப்பிடிக் கெடந்து கூப்பிடுதே, நம்ம எந்திரிக்கலன்னா இதுவும் சீக்கு விழுந்துருமேன்னுதான் எந்திரிச்சேன். ஒனக்காகத்தான் ஒல வச்சேன்."

முப்பத்தாறு வருஷம் தூக்கிச் சுமந்ததை இந்தக் கிழவி ஒரு வாய் வெற்றிலை மாதிரி மென்று துப்பிவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகை வந்தது. "அப்ப ஏம்மா தட்டு வச்ச, இத்தன வருசமா?"

"நீதான தட்டயே பாத்துக்கிட்டு இருப்ப. எடுத்துட்டா பிள்ள பயந்துருமோன்னு வச்சேன். பொறவு பழகிட்டு." பிறகு ரொம்பச் சாதாரணமாக, கடையில் என்ன வாங்கிவர வேண்டும் என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். "ஒன்னத்தான் அஞ்சாம் நாளு ஒன் சித்தி கூட்டிட்டுப் போயிட்டாளே. நான் நெனச்சேன், இனி யாரு கூப்பிடப் போறான்னு. மணி அடிச்சுச்சு. அப்பவும் கூப்பிட்டான்லா."

"யாரு?"

"யாரா? நீ கூப்பிட்ட மாரியே பின்வாசல்ல. ஆனா சுவத்தோரமா நிக்கல. நடைப்படியில நின்னு கூப்பிட்டான். நான் கதவத் தொறக்கல. தொறந்தாப் போயிருவானோன்னு தொறக்கல. சோத்த வச்சிட்டு உக்காந்திருப்பேன். நாப்பதாம் நாளு பூசை வச்சோம் பாரு, அன்னைக்கோட நின்னுட்டு. பூசை வச்ச சாமிதானே சொன்னாரு, ஆத்துமாவுக்கு வழி கெடச்சிரும்னு. கெடச்சிட்டு. அதான் நான் திரி கொளுத்தல, போனவன எதுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடணும்." அவள் சத்தத்தைக் கூட்டப் போகிறாள் என்று தெரிந்தது. "நீ போயி வேலயப் பாரு. வரும்போது வெங்காயம் இல்ல, வாங்கிட்டு வா."

வைத்துவிட்டாள். ஃபோன் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை இழந்தவளின் காது எதையும் அவன் குரலாகவே கேட்கும், அலை கேட்கும், நாய் கேட்கும், பக்கத்து வீட்டுப் பையன் தன் அம்மாவைக் கூப்பிட்டதுகூடக் கேட்கும், எத்தனையோ இருக்கலாம், ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றும் பொருந்தியது, எதுவும் போதவில்லை. ஒரு மாதத்துக்கு மேல். தூத்துக்குடியில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அம்மா செத்திருப்பாள் என்று நான் நினைத்த ஒவ்வொரு சாயங்காலமும் யாரோ என் வேலையைச் செய்திருக்கிறார்கள். அவன் வேலையைத்தான் நான் நான்கு நாள் செய்தேனா. அவன் வந்துசேரத் தாமதமானதால் நான் செய்தேனா. நான் கூப்பிட்டதைக் கேட்டுத்தான் வழி தெரிந்து வந்தானா. இந்தக் கடைசி நினைப்பில் மனசு மாட்டிக்கொண்டது, முள்ளில் சேலை மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும். கதவு திறந்து இளங்கீரன் எட்டிப் பார்த்தார். டீ வாங்கவே இல்லை என்பதைப் பார்த்திருப்பார். "மேடம், உடம்பு சரியில்லன்னா நாளைக்கு வெச்சுக்கலாம். அந்த டேக்க அழிச்சிடவா?"

"வேண்டாம்" என்றேன். "இருக்கட்டும். ஒரு தடவ போட்டுக் காட்டுங்க."

உள்ளே போய் அவர்கள் பக்கமே நின்று கேட்டேன். கடல், மணி, விசிறி, மண்டியிட்டவளின் முகம். முதாங் வாயைத் திறந்தாள். என் குரலை எனக்குத் தெரியும், இருபத்தாறு வருஷம் தினமும் கேட்ட குரல், எவள் வாயில் வைத்தாலும் எங்கே மூச்சு வாங்கினேன், எங்கே நாக்கு தடித்தது என்று தெரியும். நான் அந்த நான்கு சொல்லுக்குள் என்னைத் தேடினேன். நௌஷாத் மறுபடி போட்டான், மறுபடி தேடினேன், நான் வாங்கின மூச்சு ஒன்றும் கிடைக்கவில்லை. அது நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை. "சரியா இருக்கா மேடம்?" என்றான். "சரியாத்தான் இருக்கு." மைக்குக்கு முன்னால் போய் நின்றேன், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். இந்தக் காட்சியில் எனக்கு மிச்சம் ஒரே ஒரு வரி, பையன் போன பிறகு முதாங் மணலில் விழுந்து கிடந்து, கண் திறந்து, தன் சொந்தக் குரலில் சுற்றி நிற்கிறவர்களைக் கேட்பது. தோள் ஏறியது. என் குரல் இருக்கிறதா என்று தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"போயிட்டானா?"

படத்தில் யாரும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் தண்ணீரைப் பார்க்கிறார்கள். இளங்கீரன் கட்டைவிரலை உயர்த்தினார். அந்த வரிக்கு இரண்டாவது டேக் தேவைப்படவில்லை.